பேச்சுப் பயிற்சி படித்தவர்களைக் கேன்சர் வார்டுக்கு யார் தயார் செய்வது? (வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களும் வாங்க)

கோட்டை அகழி:

எல்லாருக்கும் வணக்கம். பி.ஏ.எஸ்.எல்.பி. (பேச்சு, காது கேட்பது பற்றிய பட்டப்படிப்பு) கடைசி வருடம், இன்டர்ன்ஷிப் ஓடிக்கொண்டிருக்கிறது. சொந்த ஊர் வேலூர்தான். அடுத்த போஸ்டிங் தலை, கழுத்துப் புற்றுநோய் வார்டு என்று லிஸ்ட் போட்டுவிட்டார்கள். குழந்தைகளுக்குப் பேச்சு தாமதமாவது, ஆட்டிசம், திக்குவாய், காது டெஸ்ட், ஹியரிங் எய்டு இதெல்லாம் ஓரளவு கை பழகியிருக்கிறது. கேன்சர் மட்டும் புத்தகத்தோடு சரி. 1873ல் வியன்னாவில் பில்ராத் என்கிற சர்ஜன்தான் புற்றுநோய்க்காக முதன்முதலில் குரல்வளையை முழுசாக எடுத்தார் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், ஆனால் கழுத்தில் ஓட்டை வழியாக மூச்சு விடுகிற ஒருவர் முன்னால் போய் நின்றால் எங்கே பார்ப்பது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்றுகூடத் தெரியாது. சீனியர்களைக் கேட்டால் "போனா தானா வரும்" என்கிறார்கள். தானாக வருகிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கதி என்ன?

சென்னையில் இரண்டு நாள் வொர்க்‌ஷாப் ஒன்று இருக்கிறது, பணம் கட்டலாமா என்று யோசிக்கிறேன். கேன்சர் வார்டில் வேலை பார்த்தவர்கள், நோயாளிகள், வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

வேலூர் வெயில்:

பணத்தைக் கட்டாதே பாப்பா. கட்டுவதாக இருந்தாலும் வார்டு போஸ்டிங் முடிந்தபிறகு கட்டு, அப்போதுதான் அங்கே என்ன கேள்வி கேட்பது என்றே தெரியும்.

நான் புற்றுநோய்ப் பிரிவில் ரொம்ப வருடமாக இருக்கிறேன், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். வார்டுக்குள் நுழைந்ததும் உன்னிடம் யாரும் "எனக்குப் பேச்சு எப்போ வரும்" என்று கேட்கப் போவதில்லை. "மூக்கு டியூப் எப்போ எடுப்பீங்க, வாயால எப்போ சாப்பிடலாம்" என்பதுதான் முதல் கேள்வி. நம் படிப்பில் விழுங்குவதற்குக் கொடுக்கிற இடம் கொஞ்சம், அந்த வார்டில் பாதிக்கு மேல் வேலை அதுதான். அதனால் முதலில் விழுங்குவதைப் படி.

புரை ஏறினால் இருமல் வரும் என்று நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்த தொண்டையில் உணர்ச்சி குறைந்து போயிருக்கும். கஞ்சி நேராக மூச்சுக்குழாய்க்குள் போகும், ஆள் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பார், "நல்லா சாப்பிட்டாரும்மா, இருமலே இல்ல" என்று வீட்டம்மா சந்தோஷமாகச் சொல்வார். அப்புறம் காய்ச்சல், அப்புறம் நிமோனியா. வெளியிலிருந்து பார்த்து இதை உறுதியாகச் சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது. பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். அதனால் உன்னிடம் எதிர்பார்ப்பது சந்தேகப்படத் தெரிவது. ஒரு வாய் கொடுத்தபிறகு "ஆ" சொல்லச் சொல், குரலில் களகளவென்று ஈரச் சத்தம் வருகிறதா பார். ஒரு ஸ்பூனுக்கு எத்தனை தடவை விழுங்குகிறார் என்று எண்ணு. நேற்று சாயங்காலம் காய்ச்சல் அடித்ததா என்று சார்ட்டைப் பார்.

இன்னொன்று. எல்லாருக்கும் "தலையைக் குனிஞ்சு விழுங்குங்க" என்று கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்கிறவர்கள் நம் துறையில் நிறைய. விழுங்கும் அசைவு தாமதமாகத் தொடங்குகிறவருக்குக் குனிவது உதவும். நாக்கில் பெரும்பகுதியை எடுத்தவரைக் குனியச் சொன்னால் சோறு முன்பக்கமாக வாயிலிருந்து வழியும், பின்னால் தள்ள நாக்கு இல்லையே! அவருக்கு மூச்சுப்பாதை நன்றாக மூடுகிறது என்று கேமராவில் பார்த்துவிட்டுத் தலையைப் பின்பக்கம் சாய்க்கச் சொல்ல வேண்டும். தொண்டையில் ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு அந்தப் பக்கமாகவே தலையைத் திருப்பினால் நல்ல பக்கம் திறந்து வழிவிடும். எதை வெட்டினார்கள், எதை விட்டார்கள் என்று தெரியாமல் எந்தப் பயிற்சியும் கொடுக்கக்கூடாது. ஆபரேஷன் நோட்ஸ் படிக்கத் தெரிய வேண்டும், முடிந்தால் தியேட்டருக்குள் ஒரு தடவையாவது போய் ஓரமாக நின்று பார்த்துவிடு.

காட்பாடி ஜங்ஷன்:

எல்லாம் சரி மேடம், இதையெல்லாம் கற்றுக்கொண்டு அந்தப் பொண்ணு எங்கே வேலைக்குப் போவது? நானும் இதே படிப்புதான், காட்பாடியில் சின்னதாகக் கிளினிக் வைத்திருக்கிறேன், முழுக்கக் குழந்தைகள். வாடகை கட்டிச் சாப்பிட முடிகிறது. கேன்சர் வார்டில் பேச்சுப் பயிற்சியாளர் போஸ்ட் எத்தனை இருக்கிறது? அடையாறு, மும்பை டாடா என்று விரல்விட்டு எண்ணலாம், அங்கேயும் மாஸ்டர்ஸ் கேட்பார்கள். நான்கு வருடப் படிப்பில் காது, குழந்தை, பக்கவாதம், குரல், திக்குவாய் எல்லாவற்றையும் திணித்துவிட்டு இப்போது கேன்சரும் என்றால் ஒரு பிள்ளையும் எதையும் உருப்படியாகக் கற்காது. மேல்படிப்பில் இரண்டு வருடம் கேன்சருக்கென்று தனியாக வைக்கட்டும், விருப்பம் உள்ளவர்கள் போகட்டும்.

வேலூர் வெயில்:

தம்பி, நம் நாட்டில் வருகிற புற்றுநோயில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வாய், தொண்டை, கழுத்துப் பக்கம்தான். புகையிலை, வெற்றிலை பாக்கு, பீடி, சாராயம் என்று காரணமும் ஊருக்கே தெரியும், குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றாத தெரு கம்மி. போஸ்ட் இல்லை என்பதால் பயிற்சி இல்லை, பயிற்சி பெற்ற ஆள் இல்லை என்பதால் போஸ்ட் இல்லை, இப்படியே எத்தனை நாள் சுற்றிக்கொண்டிருப்பது?

ஆம்பூர்க்காரி:

நான் தெரபிஸ்ட் இல்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். அம்மாவுக்கு நாக்கில் கேன்சர், ஒரு பக்கம் எடுத்துவிட்டு, கையிலிருந்து சதை வைத்துத் தைத்தார்கள், பிறகு ஆறு வாரத்துக்கு மேல் திங்கள் முதல் வெள்ளி வரை கரண்ட்.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு சின்னப் பையன் வந்தான், பேச்சுப் பயிற்சி என்றான். கையில் ஒரு ஜெராக்ஸ் பேப்பர், முழுக்க இங்கிலீஷ். மல்லாந்து படுத்து, தோளைத் தரையில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்க்கணும், ஒரு நிமிஷம் அப்படியே இருக்கணும், அதை மூன்று தடவை, பிறகு முப்பது தடவை தூக்கித் தூக்கி இறக்கணும் என்று வேகமாகச் சொன்னான். அம்மாவுக்குக் கழுத்தில் தையல் பிரித்த புண்ணே ஆறவில்லை! சர்ஜனைக் கேட்டால் "இப்போ அதெல்லாம் வேண்டாம்" என்கிறார். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் கண்ணில் பயம் தெரிந்தது. அவனை அனுப்பியவர்கள் மேல்தான் கோபம்.

அப்புறம் பேச்சுக்கு ஒரு வார்த்தைப் பட்டியல் கொடுத்தார்கள். பழம், மழை, வாழை, கிழவி. எங்கள் வீட்டில் பேசுவது உருது. அம்மா தமிழ் பேசுவார், கடைக்குப் போக, பக்கத்து வீட்டில் பேச. அவருக்கு வேண்டியிருந்தது பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட, தொழுகையில் ஓத. அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே பிள்ளைகள் பெயரை எழுதிப் பயிற்சி கொடுத்தேன். ஃபர்ஹான் சுலபமாக வந்தது. ரிஸ்வானாவில் "ரி" வரவே மாட்டேன் என்றது, கடைசியில் அவளுக்கு "வானா" என்றே பெயர் நிலைத்துவிட்டது, அவளுக்கும் அது பிடித்துவிட்டது.

யாரும் சொல்லாத ஒன்று, வாய் திறக்காமல் போவது. கரண்ட் முடிந்து சில மாதத்தில் தாடை இறுகி, ஸ்பூன்கூட நுழையாமல் போய்விட்டது. வேறு ஒரு ஊரில் ஒரு பல் டாக்டர்தான் ஐஸ் குச்சி வைத்து நீட்டச் சொன்னார்.

கோட்டை அகழி:

அக்கா, அந்த ஐஸ் குச்சி எப்படி என்று விவரமாகச் சொல்ல முடியுமா? பாடத்தில் விலை உயர்ந்த ஒரு கருவி படம்தான் இருந்தது.

ஆம்பூர்க்காரி:

தட்டையான ஐஸ்கிரீம் குச்சிகள், சுத்தமானவை. எத்தனை குச்சி அடுக்கினால் பின்பற்களுக்கு நடுவில் இறுக்கமாக நுழைகிறதோ அத்தனையையும் ஒரு கட்டாக வைத்து அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ள வேண்டும். வலி பொறுக்கிற அளவு. சில நாள் பழகியதும் நடுவில் இன்னொரு குச்சி சொருக வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை. அம்மா சீரியல் பார்க்கும்போது விளம்பரம் வந்தால் குச்சி, அதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. இப்போது இரண்டரை விரல் நுழைகிறது. பிரியாணி சாப்பிடுகிறார், கறியை நான் பிய்த்துக் கொடுக்க வேண்டும், குஸ்கா அவரே.

வேலூர் வெயில்:

தங்கச்சி சொன்னதுதான் சரியான முறை. மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தாடை இறுக்கம் என்று கணக்கு, அவரவர் மூன்று விரல் நுழைய வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். இதில் நம்மூருக்கென்று ஒரு சிக்கல் உண்டு, பாக்கு மென்று மென்று கேன்சருக்கு முன்பே கன்னம் உள்ளே நார் மாதிரி இறுகிப்போனவர்கள் நிறைய. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே அளந்து எழுதிவை, பின்னால் எவ்வளவு குறைந்தது என்று அப்போதுதான் தெரியும். இறுகியபிறகு திறப்பது பெரும் பாடு, கரண்ட் தொடங்குவதற்கு முன்பே பயிற்சி ஆரம்பிக்க வேண்டும்.

உருது விஷயம் ரொம்ப முக்கியம். ஆஸ்பத்திரி இருக்கிற ஐடா ஸ்கடர் ரோட்டில் நின்று பார்த்தால் பாதி போர்டு வங்காளியில் இருக்கிறது, கொல்கத்தா, ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் வரைக்கும் இங்கே வருகிறார்கள், சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு. பயிற்சி கொடுக்கிற நாம் தமிழும் இங்கிலீஷும்தான். "விழுங்குங்க, இருமுங்க, மூச்சைப் பிடிங்க, விடுங்க, மறுபடி" இந்த ஐந்தையும் வங்காளியிலும் இந்தியிலும் தெலுங்கிலும் உருதுவிலும் சொல்லத் தெரியாமல் வார்டுக்குள் போகாதே. லாட்ஜ் பையன்களைக் கேள், அழகாகச் சொல்லித் தருவார்கள்.

நேதாஜி மார்க்கெட்:

நான் குரல்வளையை எடுத்த ஆள். எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், மொபைலில் ஒரு விரலால் தட்டுகிறேன். மார்க்கெட்டில் மண்டி. ரேட் கத்திக் கத்தியே வளர்ந்தவன்.

பொண்ணு கேட்டதற்கு என் பதில். எங்களிடம் வந்து கற்றுக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் எல்லாம் சொன்னார், தப்புச் சொல்ல முடியாது. பேச்சு போகும் என்றார், கழுத்தில் மூச்சு என்றார். ஆனால் வாசனை போகும் என்று யாரும் சொல்லவில்லை. மூக்கு வழியாகக் காற்று போகாவிட்டால் மோப்பம் எங்கேயிருந்து வரும்? வெங்காயம் அழுகினால் மூட்டையைப் பிரிக்காமலே மோப்பத்தில் சொல்வேன், என் வியாபாரமே அது. வீட்டில் கேஸ் லீக் ஆனாலும் எனக்குத் தெரியாது. பிறகு ஒரு தெரபி மேடம் சொல்லிக்கொடுத்தார், உதட்டை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளே கொட்டாவி விடுவது மாதிரி தாடையையும் நாக்கையும் கீழே இறக்கணும், அப்போது கொஞ்சம் காற்று மூக்குக்குள் ஏறும். பழகப் பழக வருகிறது. முழுசாக இல்லை, ஆனால் அழுகல் தெரியும்.

குளிக்கும்போது தண்ணீர் கழுத்து ஓட்டைக்குள் போகக்கூடாது. சின்ன வயசில் கிணற்றில் குதித்தவன், இப்போது முட்டளவுத் தண்ணீருக்கும் பயப்படணும். தக்காளிப் பெட்டி தூக்க முக்கினால் முக்க வராது, மூச்சை அடைக்கிற கதவே எடுத்தாச்சே. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதா இல்லையா எனக்குத் தெரியாது. ஒரு நாள் என்னோடு மண்டியில் உட்கார்ந்தால் தெரியும்.

பேச்சுக்கு என்னிடம் இருப்பது கழுத்தில் வைக்கிற மெஷின். ரோபோ மாதிரி கேட்கும், பையன்கள் முதலில் சிரித்தார்கள், இப்போது பழகிவிட்டது. ரேட் சொல்வதற்கு இதுவே போதும், சண்டை போடுவதற்குத்தான் போதாது.

ஆற்காடு மக்கன்பேடா:

நான் ஸ்டாஃப் நர்ஸ். புதுசாக வருகிற தெரபி பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒரு பாடம் எடுப்பேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன், இது உயிர் விஷயம்.

கழுத்தில் ஓட்டை இருக்கிறவர் எல்லாரும் ஒன்று இல்லை. ஒருவருக்குக் குரல்வளை அப்படியே இருக்கும், மூச்சுக்காகக் கீழே ஒரு துளை போட்டு டியூப் வைத்திருப்பார்கள். மற்றவருக்குக் குரல்வளையே கிடையாது, மூச்சுக்குழாயைக் கொண்டுவந்து கழுத்துத் தோலோடு தைத்திருப்பார்கள், வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே இல்லை. இரண்டாவது ஆள் மயங்கி விழுந்தால் மூக்கில் ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்துப் பிரயோஜனம் இல்லை, கழுத்தில் வைக்க வேண்டும். படுக்கைக்கு மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவோம். வீட்டுக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு அட்டை எழுதிக் கொடுங்கள், ஆம்புலன்ஸ் ஆட்களும் பார்க்கட்டும்.

முதல் வகை ஆளுக்குப் பேசுவதற்கு டியூப் வாயில் ஒரு வால்வு மாட்டுவீர்கள் இல்லையா, அது காற்றை உள்ளே மட்டும் விடும், வெளியே விடாது. டியூபைச் சுற்றியிருக்கிற பலூனில் காற்று இருக்கும்போதே அதை மாட்டினால் மூச்சு வெளியே போக வழியே இருக்காது. பலூன் காற்றை முழுசாக எடுத்தாச்சா என்று கையால் தொட்டுப் பார்க்காமல் வால்வைத் தொடவே தொடாதீர்கள். நர்ஸ் எடுத்திருப்பார் என்று நினைக்காதீர்கள், நர்ஸ் நானாகவே இருந்தாலும்.

சளி உறிஞ்சுவதையும் கற்றுக்கொள்ளுங்கள். சளியைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆளிடம் நோயாளி வாயே திறக்க மாட்டார்.

காட்பாடி ஜங்ஷன்:

சிஸ்டர் சொன்னது பயமாக இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன், இதை இன்டர்ன்ஷிப் பிள்ளைகளிடம் விடக்கூடாது.

ஆற்காடு மக்கன்பேடா:

இன்டர்ன் டாக்டரும் இன்டர்ன் நர்ஸும் செய்வதில்லையா? பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுக்கம்பாறை பஸ்:

இ.என்.டி. பி.ஜி. படிக்கிறேன். எங்கள் பக்க நியாயத்தையும் கேளுங்கள். கேமரா விட்டுப் பார்ப்பது, குரல்வளை எடுத்தவருக்குப் பேசுவதற்காக உள்ளே வைக்கிற குரல் வால்வை மாற்றுவது இதெல்லாம் டாக்டர் வேலை என்று இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வால்வு கழன்று மூச்சுக்குழாய்க்குள் விழுந்தால் யார் எடுப்பது? தெரபிஸ்ட் பயிற்சி கொடுக்கட்டும், கருவி எங்கள் கையில் இருக்கட்டும்.

வேலூர் வெயில்:

டாக்டர் தம்பி, கோபப்படாதீர்கள். அந்தக் கேமரா பரிசோதனையை முதலில் முறைப்படுத்தி 1988ல் எழுதி வெளியிட்ட சூசன் லாங்மோர் ஒரு பேச்சுப் பயிற்சியாளர். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் துளை போட்டு வால்வு வைக்கிற முறையை 1980ல் கொண்டுவந்தவர்கள் சிங்கர், ப்ளோம் இருவர், சிங்கர் சர்ஜன், ப்ளோம் நம் ஆள். வெளிநாட்டில் பல இடங்களில் வால்வு மாற்றுவதே பேச்சுப் பயிற்சியாளர்தான். நான் உடனே கருவியைக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. நீங்கள் ஸ்கோப் விடும்போது எங்களையும் கூப்பிடுங்கள். நீங்கள் குரல்நாண் அசைகிறதா, கட்டி திரும்பி வந்ததா என்று பார்ப்பீர்கள், நாங்கள் பச்சைச் சாயம் கலந்த தயிர் எங்கே தேங்குகிறது, எத்தனை விழுங்கலில் கழுவிப் போகிறது என்று பார்ப்போம். ஒரே திரைதான், பார்க்கிற விஷயம் வேறு.

வால்வு பற்றி அகழிக்கு: குடிக்கும்போது இருமல் வந்தால் கசிவு. கசிவு இரண்டு மாதிரி. கலர் தண்ணீர் குடிக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார். வால்வின் நடுவிலிருந்து வந்தால் காளான் படர்ந்து கதவு சரியாக மூடவில்லை, மாற்ற வேண்டும். சுற்றி ஓரத்திலிருந்து வந்தால் துளை அகன்றுவிட்டது அல்லது வால்வு நீளம் சரியில்லை, அது வேறு வைத்தியம், டாக்டரிடம் போ. வால்வே வெளியே வந்துவிட்டால் துளை சீக்கிரம் மூடிக்கொள்ளும், ஒரு ரப்பர் கதீட்டரை உள்ளே விட்டுத் துளையைக் காப்பாற்றிக்கொண்டு, விழுந்த வால்வு கையில் இருக்கிறதா என்று தேடு. இல்லை என்றால் அது நுரையீரலில் இருக்கலாம், எக்ஸ்ரே, டாக்டர், உடனே.

அடுக்கம்பாறை பஸ்:

சரி மேடம், ஸ்கோப்புக்குக் கூப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நீங்களும் கேஸ் மீட்டிங்குக்கு வர வேண்டும். சர்ஜன், ரேடியேஷன் டாக்டர், கீமோ டாக்டர் எல்லாரும் உட்கார்ந்து பேசும்போது தெரபிஸ்ட் நாற்காலி காலியாக இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதியபிறகு "ஸ்பீச் தெரபி ரெஃபர்" என்று கடைசி வரியில் நாங்கள் எழுதுவது அதனால்தான்.

வேலூர் வெயில்:

கூப்பிட்டால் வருவோம். நாற்காலி போடுங்கள் முதலில் :)

நேதாஜி மார்க்கெட்:

இரண்டு பேரும் சண்டையை அப்புறம் போடுங்கள். வால்வு விலையைப் பேசுங்கள். வெளிநாட்டு வால்வு இருபது முப்பதாயிரம், அதுவும் சில மாசத்தில் மாற்றணும் என்றார்கள். நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் அதுதான். பெங்களூர் டாக்டர் விஷால் ராவ் ஐம்பது ரூபாய் செலவில் "ஓம்" என்று ஒரு வால்வு உருவாக்கினார் என்று பேப்பரில் படித்தேன். இதைப் பற்றி ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எது என்ன விலை, எது எத்தனை நாள் வரும், மெஷினுக்கு பேட்டரி செலவு என்ன, இதையும் பயிற்சியில் சேருங்கள்.

வேலூர் வெயில்:

அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. வால்வு, மெஷின், உணவுக்குழாய்ப் பேச்சு என்று மூன்று வழியையும் ஆபரேஷனுக்கு முன்பே காட்ட வேண்டும், காதால் கேட்க வைக்க வேண்டும், முடிந்தால் அதில் பேசுகிற ஆளையே நேரில் உட்கார வைக்க வேண்டும். காற்றை உணவுக்குழாய்க்குள் வாங்கி ஏப்பம் மாதிரி வெளியே விட்டுப் பேசுகிற முறைக்குச் செலவே இல்லை, ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், எல்லாருக்கும் வராது. ப, த, க மாதிரி எழுத்தில் தொடங்கினால் காற்று சுலபமாக உள்ளே போகும், அதனால் "பத்து", "காப்பி", "தட்டு" என்று ஆரம்பிப்போம்.

மெஷின் என்றால் கழுத்தில் எந்த இடத்தில் வைத்தால் அதிர்வு உள்ளே போகிறது என்று விரலால் தேட வேண்டும். கரண்ட் வைத்த கழுத்து கட்டையாக இறுகியிருந்தால் எங்கே வைத்தாலும் வெறும் ரீங்காரம்தான் கேட்கும், அப்போது கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம், வாய்க்குள் விடுகிற சின்னக் குழாயும் உண்டு. மெஷின் பட்டனை வாக்கியம் முடிந்ததும் விட வேண்டும், அழுத்திக்கொண்டே இருந்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கழுத்து ஓட்டையிலிருந்து புஸ்ஸென்று காற்று அடிக்காமல் மெதுவாகப் பேசப் பழக்க வேண்டும். நீ முதலில் உன் கழுத்திலேயே வைத்து, மூச்சை அடக்கி, வாயை மட்டும் அசைத்துப் பேசிப் பழகு.

கோட்டை அகழி:

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். விழுங்குவது பற்றி இன்னும் ஒன்று. திரவத்தைக் கெட்டியாக்கச் சொல்கிறோம், அதற்கான பவுடர் டப்பா விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வீட்டுச் சாப்பாட்டில் எப்படிச் சொல்வது? ஐ.டி.டி.எஸ்.ஐ. என்கிற உணவு, திரவக் கெட்டித்தன்மை அளவு 0 முதல் 7 வரை படித்திருக்கிறேன், அதில் கூழ் எங்கே வரும்?

வேலூர் வெயில்:

கூழ் எங்கே வரும் என்று யாரும் சொல்ல முடியாது, உங்கள் வீட்டுக் கூழ் வேறு, எங்கள் வீட்டுக் கூழ் வேறு. அதனால்தான் சிரிஞ்ச் டெஸ்ட். பத்து மில்லி சிரிஞ்ச், ஊசி இல்லாமல், பிஸ்டனை எடுத்துவிட்டு, கீழே விரலால் அடைத்து, பத்து மில்லி ஊற்று. விரலை எடுத்துப் பத்து விநாடி விடு, மறுபடி அடை. ஒரு மில்லிக்கும் குறைவாக மிச்சம் இருந்தால் 0, சாதாரணத் தண்ணீர் மாதிரி. 1 முதல் 4 வரை மிச்சம் என்றால் லெவல் 1, 4 முதல் 8 என்றால் 2, 8க்கு மேல் நின்றால் 3, ஒரு சொட்டும் இறங்காவிட்டால் 4, அதற்கு ஸ்பூனில் சாய்த்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. எல்லா சிரிஞ்சும் ஒரே நீளம் இல்லை, 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் இருக்கிற சிரிஞ்சுக்குத்தான் இந்தக் கணக்கு. ஸ்கேல் வைத்து அளந்து வாங்கு.

ராகிக் கஞ்சியில் ஒரு சூட்சுமம். அடுப்பிலிருந்து இறக்கும்போது ஓடும், ஆறினால் கட்டியாகும். அதனால் எந்தச் சூட்டில் சாப்பிடுகிறாரோ அந்தச் சூட்டில் அளக்க வேண்டும். எச்சில் பட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் மாவுச்சத்து கரைந்து கடைசியில் தண்ணீராகிவிடும், சோளமாவும் அப்படித்தான். தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கச் சொல்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கரண்ட் வைத்தவருக்கு எச்சில் வற்றிவிடும். ரொம்பக் கெட்டியாகக் கொடுத்தால் தொண்டையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அவருக்கு ரசம் விட்டுச் சோற்றைப் பிசைந்து தளர்வாகக் கொடுப்பதும், நடுநடுவே ஒரு வாய் தண்ணீரும்தான் ஒத்துவரும், தண்ணீர் புரை ஏறாது என்று பார்த்தபிறகு. எல்லாருக்கும் கெட்டி, எல்லாருக்கும் குனி என்று சொல்வதற்குப் படிப்பு எதற்கு?

கரண்ட் நடக்கும்போது வாய் முழுக்கப் புண். அந்த வாரங்களில் எதுவும் வாயால் வேண்டாம், டியூபே போதும் என்று விட்டுவிடுவார்கள். கொஞ்சமாவது பாதுகாப்பாக விழுங்க முடிகிறவர் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், தினம் சில ஸ்பூனாவது, விழுங்கும் பயிற்சியோடு. சும்மா விட்டால் தொண்டைத் தசை வேலையை மறந்துவிடும். வலி மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு, அது வேலை செய்கிற நேரத்தில் போய் நில்.

காட்பாடி ஜங்ஷன்:

ஒன்று சொல்கிறேன், யாரும் என்னைக் கிண்டல் செய்யாதீர்கள். போன மாதம் கிளினிக்குக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு ஒரு தாத்தா வந்தார், கே.வி.குப்பம் பக்கம். பேரனுக்குப் பேச்சு தாமதம். பயிற்சி முடியும்வரை தாத்தா பெஞ்சில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். கேட்டால், பல வருடத்துக்கு முன் தொண்டையில் கரண்ட் வைத்ததாம், நன்றாகத்தான் இருந்தாராம், இப்போது கொஞ்ச நாளாகச் சாப்பிட முக்கால் மணி நேரம் ஆகிறது, எடை இறங்கிவிட்டது, இரண்டு தடவை நிமோனியா. வயசாச்சு என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

எனக்கு இன்னும் கேன்சர் வார்டு எல்லாருக்கும் வேண்டும் என்று தோன்றவில்லை. ஆனால் கரண்ட் வைத்து வருஷக்கணக்கு ஆனபிறகும் தொண்டை இறுகும் என்பதும், அந்த ஆளை எங்கே அனுப்ப வேண்டும் என்பதும் குழந்தைக் கிளினிக் வைத்திருக்கிறவனுக்கும் தெரிய வேண்டும் போல. அதை இளநிலைப் படிப்பில் சேர்க்கட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

வேலூர் வெயில்:

இதைத்தான் தம்பி நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். ஆபரேஷன் ஊருக்கு நடுவில் நடக்கும், அதற்குப்பிறகு ஆள் வாழ்வது கே.வி.குப்பத்திலும் ஒடுகத்தூரிலும். அத்தனை தூரம் வாராவாரம் பஸ் ஏறி வருவாரா?

இந்த ஊருக்கு மறுவாழ்வு ஒன்றும் புதுசில்லை. தொழுநோயில் மடங்கிப்போன கையை நேராக்கும் அறுவையை 1948ல் டாக்டர் பால் பிராண்ட் இங்கேதான் செய்தார். விபத்தில் கால் இரண்டும் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தபடியே டாக்டர் மேரி வர்கீஸ் பாடுபட்டு 1966ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது. கைக்கும் காலுக்கும் அப்படி ஆட்களைப் பழக்கிய ஊர் தொண்டைக்கும் பழக்க முடியாதா என்ன? 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோவும் வலி நிவாரண நர்ஸும் வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு நாம் அரை நாள் வகுப்பு எடுத்தாலே, செருமல், எடை இறக்கம், அடிக்கடி காய்ச்சல் இந்த மூன்றைப் பார்த்தால் எங்களுக்கு போன் போடுங்கள் என்று சொல்லிவைக்கலாம்.

ஆம்பூர்க்காரி:

அரை நாள் வகுப்பில் வீட்டுக்காரர்களையும் சேருங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு டியூப் அடைத்துக்கொண்டால் பார்ப்பது நாங்கள்தான்.

கோட்டை அகழி:

எங்கள் துறை ஹெச்.ஓ.டி.யிடம் பேசினேன். போஸ்டிங் தொடங்குவதற்கு முன் ஒரு காலை முழுக்க நோயாளிகளையும் வீட்டுக்காரர்களையும் அழைத்து வகுப்பு நடத்த அனுமதி கொடுத்துவிட்டார், பயணச் செலவும் துறையே தரும். மக்கன்பேடா சிஸ்டர் பலூன், வால்வு, சளி உறிஞ்சுவது மூன்றும் பொம்மை வைத்துச் சொல்லித் தருவதாக ஒத்துக்கொண்டார். ஆம்பூர் அக்கா, அம்மாவால் வர முடியுமா? மார்க்கெட் அண்ணா, நீங்கள் கட்டாயம் வர வேண்டும், எந்த நாள் வசதி?

ஆம்பூர்க்காரி:

அம்மா வருகிறேன் என்கிறார், குச்சிக்கட்டோடு. பேப்பர் ஏதாவது கொடுப்பதாக இருந்தால் உருதுவில் நான் எழுதித் தருகிறேன், இப்போதே அனுப்புங்கள்.

நேதாஜி மார்க்கெட்:

எந்த நாளானாலும் மண்டி முடிந்து பதினோரு மணிக்கு மேல். முகூர்த்த நாள் வேண்டாம், அன்றைக்குக் காய் லோடு அதிகம். பசங்க ஆளுக்கு ஒரு கேள்வி எழுதிக்கொண்டு வரட்டும், கேட்கக் கூச்சப்பட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மெஷினுக்கு ஸ்பேர் பேட்டரி நானே எடுத்து வருகிறேன், ஒவ்வொருத்தரும் அவரவர் கழுத்தில் வைத்துத் தக்காளி ரேட் சொல்லிக் காட்டணும். புரிந்தால்தான் பாஸ்.